அந்தத் திகதிக்காரன்

நானா,

ஓய்வூதியக் கந்தோரிலிருந்து வருடாவருடம் வரும் படிவம் இன்று காலை வந்தது. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பெயர், விலாசம் எல்லாம் ஒழுங்காக எழுதி வந்தேன். பிறந்த திகதி என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது. நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பது போலிருந்தது. படிவத்தை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாது.

அப்போது நான் துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கும் கிளாக்கர். நீங்கள் என்னைக் கப்பல்களுக்கு ஏற்றி இறக்கும் லோஞ்ச் என்ற இயந்திரப் படகின் ஓட்டி. உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை நானா என்றே கூப்பிட்டேன். எனக்கு வயது நாற்பது கடந்திருந்தது. என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. உங்களைத் தவிர வேறு எவரும் அதைப் பார்த்ததில்லை. கூடப் படித்த பதினெட்டுப் பேரின் பெயர்களையும், யாருக்கு எந்த வயதில் உத்தியோகம், கலியாணம், வீடு என்பதையும் கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். என் வரிசையில் உத்தியோகம் மட்டும்தான் நிரம்பியிருந்தது.

"இதென்ன கிளாக்கர், ஓட்டப் போட்டியா?" என்று கேட்டீர்கள். "முன்னுக்கு ஓடினவன் எங்க போய்ச் சேர்ந்தான் எண்டு எழுதல்லியே?"

உட்துறைமுக வீதியில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருந்தார். அவருடைய தமையன் எனக்குக் கலியாணப் பேச்சு அனுப்பி இரண்டு மாதமாகியும் நான் மறுமொழி சொல்லவில்லை. தை பிறந்தால் வேறிடம் பார்ப்போம் என்றும் சொல்லியனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்த ரீச்சரைப் பிடித்திருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் பிந்தியவன் எந்த முகத்தோடு ஒரு வீட்டுப் படியேறுவது?

மார்கழி மழையில் சரக்கு இறக்க முடியாமல் ஒரு கப்பல் நங்கூரமிட்டுக் கிடந்தது. அதன் வயர்லெஸ்காரர் கொரியா நாட்டவர். மழை விடும்வரை அவருடைய அறையில் நம் இருவரையும் இருத்தித் தேநீர் தந்தார். தங்கள் ஊர்ச் சாத்திரத்தில் வருடம், மாதம், நாள், நேரம் என்று மனிதனுக்கு நான்கு தூண்கள் என்றார். பிறந்த நாளைக்கொண்டு மனிதரைப் பத்து வகையாகப் பிரிப்பார்களாம்: பெருமரம், கொடி, வெயில், விளக்கு, மலை, வயல்மண், வாள், நகை, கடல், பனித்துளி. அவருடைய இங்கிலிசை நான் உங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் திகதி கேட்டார். "சோளகக் காத்து தொடங்கின நேரம் எண்டு உம்மா சொல்லுவா. அதுக்கு மேல தெரியாது." அப்படியென்றால் பார்க்க முடியாது என்றார். "அப்ப நான் தப்பினன்" என்றீர்கள்.

நான் என் திகதியைச் சொன்னேன். அவர் தாளில் எட்டு எழுத்துகளை நிறுத்தி நிறுத்தி வரைந்தார். நான் விளக்காம். விளக்கை நண்பகலில் ஏற்றிவிட்டு வெளிச்சமில்லை என்று வருந்திக்கொண்டிருக்கிறேனாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை மனிதனுக்குப் பருவம் மாறும், அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு, எனக்கு இந்த வருடம் மாறுகிறது என்றார்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. குடாவில் காற்றே இல்லை. மலைகள் பாதிக்குமேல் முகிலுக்குள் போயிருந்தன. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறதென்று தெரியாத ஒரு வெண்மைக்குள் லோஞ்ச் போய்க்கொண்டிருந்தது. நான் விளக்கு, நான் விளக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். நாளைக்கே மறுமொழி சொல்லிவிடலாம் என்றிருந்தது. சட்டென்று நினைவு வந்தது.

"நானா, திருப்புங்கோ! நான் பிழையான திகதி குடுத்திட்டன்."

பின்னால் அரசாங்க உத்தியோகத்துக்கு வயது கடந்துவிடக்கூடாது என்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே ஐயா எனக்குப் பதினான்கு மாதம் குறைத்து எழுதுவித்தார். கந்தோரில் அதையே எழுதி எழுதி, கேட்டவுடன் வாய்க்கு அதுதான் வந்திருந்தது. மெய்யான திகதி அம்மாவின் பெட்டிக்குள் சாதக ஓலையில் கிடந்தது. அந்தக் கொரியாக்காரர் பார்த்தது பிறக்காத ஒருவனுடைய பலனை.

நீங்கள் இயந்திரத்தை நிறுத்தினீர்கள். அந்த வெண்மைக்கு நடுவில் நாம் இருவர் மட்டும் மிதந்தோம். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"கிளாக்கர், அந்தத் திகதிக்காரன்தானே உத்தியோகம் எடுத்தவன்? அவன்தானே இவ்வளவு காலமும் கையெழுத்து வெக்கிறான்? கலியாணத்தையும் அவனே முடிக்கட்டும். உங்களால ஏலாட்டி விடுங்க."

கப்பலுக்கும் திருப்பவில்லை, கந்தோருக்கும் விடவில்லை. உட்துறைமுக வீதிப் பக்கம் லோஞ்சைக் கட்டினீர்கள். "நான் இஞ்சதான் நிப்பன். பயந்து ஓடி வந்தா ஏத்த மாட்டன், சொல்லிட்டன்."

முகில் ஈரத்தில் நனைந்த தலையும் சட்டையுமாக அந்த வீட்டு வாசலில் நின்றேன். ரீச்சரே கதவைத் திறந்தார். வழி முழுக்க யோசித்து வைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "கந்தோரில இருக்கிற என்ர வயசு பிழை" என்றேன்.

அவர் கதவை அகலத் திறந்துவிட்டார். "எனக்கும் ஐயா ரெண்டு வயசு குறைச்சுத்தான் போட்டவர். உள்ளுக்கு வாங்கோ, தலையைத் துடையுங்கோ."

தையிலேயே கலியாணம் நடந்தது. கப்பல் அதற்கு முன்பே போய்விட்டது. அந்தப் பத்தில் மெய்யாக நான் எது என்று இன்றுவரை தெரியாது. சில மாலைகளில் குடாவைப் பார்த்தபடி, கொடியாக இருக்குமோ, வயல்மண்ணோ என்று இவள் என்னைக் கேலி செய்வாள். ஆனாலும் நானா, உங்களிடம் மறைப்பதற்கென்ன, பிந்திவிட்டேன் என்ற எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை. கூடப் படித்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகும்போது அது மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் போன செய்திக்கும் நான் பிந்தித்தான் வந்தேன். உங்கள் ஊருக்குக் கடக்கும் கிண்ணியாத் துறையில் படகு அக்கரையில் நின்றது. நான் வந்து சேர்வதற்குள் உங்களை அடக்கிவிட்டுச் சனம் கலைந்திருந்தது. முற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். உங்கள் மூத்த மகன், தலை நரைக்கத் தொடங்கியவர், வந்து கையைப் பிடித்தார்.

"வாப்பா சொல்லிட்டுத்தான் மவுத்தானார். கிளாக்கர் கட்டாயம் வருவார், எல்லாருக்கும் பொறகுதான் வருவார், அவருக்கு எடுத்து வைங்க எண்டு."

அயல்வீட்டார் கொண்டுவந்த சோற்றில் எனக்கென்று ஒரு பங்கு எடுத்து, பீங்கானுக்கு மேல் பீங்கான் கவிழ்த்து, துணி சுற்றி வைத்திருந்தார்கள். மேல் பீங்கானை எடுத்தேன். சோறு ஆறியிருக்கவில்லை. அந்தச் சூடு இந்த விரல்களில் இன்னும் இருக்கிறது, நானா.