மூடிபோட்ட வாளியும் கல் விளக்கும்

ஆகஸ்ட் 23, 1994

என் மகளும் என் அம்மாவுமான கானாயுக்குக்கு,

முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்த வின்னிபெக் புழுக்கத்தையும் கொசுவையும் மீறிச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். உன் அம்மா கப்பலில் வந்த விருந்தாளிகளின் முன்னால் முன்னோர் சாப்பாட்டின் மேல் காறித் துப்பிவிட்டு விளக்கைத் திருடிக்கொண்டு ஓடினாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உன் சித்தி ரோசலி வீட்டில் தொலைபேசி இருப்பதால் அது இதற்குள் உன் காதுக்கும் வந்திருக்கும். நான் துப்பவில்லை. கன்னியர் மடத்தில் படித்தவள் நாலு பேர் முன்னால் துப்ப மாட்டாள். வாளியோடு தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கொட்டினேன். ஓடவும் இல்லை, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு யார் ஓடுவது, நடந்துதான் போனேன். விளக்கைத் திருடினேனா இல்லையா என்பதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் லூசியன் செய்த வேலை. உன் சித்தப்பா மகன்தான், ஆனால் அவனுக்கு என் மாமனார் உகாலிக்கின் பெயரை வைத்துத் தொலைத்துவிட்டார்கள். பெயரோடு இறந்த ஆளும் வந்துவிடுகிறார் என்பதால் நான் அவனை வாய்விட்டுத் திட்ட முடியாது, மூக்கைச் சிந்திச் சட்டைக் கையில் துடைக்கிறவனை 'மாமா' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிட்டாக வேண்டும். அவனோ என்னைப் பெரியம்மா என்பான், காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி 'மருமகளே' என்பான். ஊர் மன்றத்தில் சுற்றுலாப் பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். முனையில், நமக்கு முன்னால் இந்தக் கரையில் வாழ்ந்த பழையவர்களின் குழிவீடுகள் கிடக்கின்றனவே, அதற்குப் பக்கத்தில் அதேபோல் ஒன்று கட்டினான். திமிங்கில விலா எலும்புக்குப் பதிலாக வெள்ளை அடித்த பிளாஸ்டிக் குழாய். போகட்டும், திமிங்கிலத்துக்கு அவன் எங்கே போவான். ஆனால் நுழைகிற வழியையும் வீட்டுத் தரையையும் ஒரே மட்டமாக வைத்துவிட்டான். பழையவர்கள் ஏன் அந்த வழியைப் பள்ளமாகத் தோண்டி, ஊர்ந்து வந்து மேலே ஏறினார்கள்? குளிர், தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும், வீட்டுக்குள் ஏறி வராது, அதனால்தான் வெளியே காற்று அடித்துக் கொல்லும்போது உள்ளே படுக்கை மேடையில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டேன். 'விருந்தாளிங்க குனியணுமே பெரியம்மா, இடுப்பு பிடிச்சுக்கும்' என்றான். 'மாமா, நீங்க கட்டினது வீடு இல்லை, மீன் வைக்கிற பெட்டி' என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

சுவரில் ஒரு படம் வேறு. பழையவர்கள் கூட்டமாக நின்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள், பல் எல்லாம் பால் வெள்ளை. தோலை மென்று மென்று பதப்படுத்திய பெண்களுக்கு ஈறு மட்டத்துக்குப் பல் தேய்ந்திருக்கும், என் அம்மாவுக்கே அப்படித்தான் இருந்தது. அவர்களுக்குப் பேன் இருந்தது, தோலை மூத்திரத்தில் ஊறவைத்தார்கள், பஞ்சத்தில் காலணியை வேகவைத்துத் தின்றார்கள். இதில் எதுவும் எனக்கு அருவருப்பு இல்லை, செய்தாக வேண்டியதைச் செய்தார்கள். அவர்களைக் கழுவித் துடைத்து, சர்க்கரைப் பாகில் முக்கி, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு நீட்டுவதுதான் எனக்கு அந்த மூத்திரத் தொட்டியைவிட நாறுகிறது.

இனி வாளிக்கு வருகிறேன், நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புளிக்கவைத்த சீல் மிருகத்தின் துடுப்புக்காலை விருந்தாளிகளுக்கு ருசி காட்டப் போகிறேன் என்று லூசியன் சொன்னபோது நல்லதென்றுதான் நினைத்தேன். அது எப்படிச் செய்வது என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது. சரளையில் குழி தோண்டி, தோலில் சுற்றி, மேலே கல் அடுக்கி, கல்லின் இடுக்கில் காற்றும் அடியிலிருந்து குளிரும் போய்வர விட்டு, பனி இறுகும்வரை அவசரப்படாமல் இருக்க வேண்டும். இவன் சுற்றுலாக் கப்பல் வருவதற்குள் ஆக வேண்டும் என்று துடுப்பை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மூடியை இறுக அடித்து, மன்ற அலுவலகத்தில் ஹீட்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறான். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்துக் குடித்திருக்கிறார்கள். கப்பல் வந்த விழா அன்று என் முன்னால்தான் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது அந்த வாளி. நல்ல புளிப்பு மூக்கைக் குத்தும், உடனே நாக்கில் நீர் ஊறும், இது அப்படி இல்லை, தித்திப்பாக, பிணத்துக்கு வாசனைத் தண்ணீர் தெளித்ததுபோல் வந்து தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. துடுப்பின் தோல் வழுக்கி, சதை கூழாகி, மேலே நுரை. அவன் அதைப் பல்குச்சியில் குத்திக் குத்தித் தட்டில் அடுக்கினான், ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். நாற்றமே இல்லாதிருந்தாலும் இறக்கியிருப்பேன். தென்கரையில் பாப்டிஸ்டின் வீட்டில் இப்படி மூடிபோட்ட வாளியிலிருந்து சாப்பிட்டு, இமையைத் தூக்க முடியாமல், நாக்கு புரளாமல், கடைசியில் மூச்சும் இழுக்க முடியாமல் அந்த வீட்டு அண்ணனும் தங்கையும் செத்துப்போனார்களே, அதற்கு லூசியனும்தான் குழி வெட்டப் போனான்.

'பெரியம்மா, பழையவங்க அழுகினதைத்தானே சாப்பிட்டாங்க' என்று என்னிடமே சொல்கிறான். அழுகியதைத் தின்றிருந்தால் அவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழிகளிலேயே செத்திருப்பார்கள், இவன் பிறந்து எனக்கு மாமனாராக வந்திருக்க மாட்டான். வாளியைத் தூக்கினேன். ரோசலி எல்லோரும் கேட்க, 'மடத்துல வளர்ந்ததில்லையா, நம்ம சாப்பாடுன்னா அக்காவுக்குக் குமட்டும்' என்றாள். 'குமட்டுதுதான் ரோசலி, உன் மகன் வச்ச வாளி குமட்டுது. பசிச்சா கடல்ல இறங்கிப் பொறுக்கித் தின்னு' என்றேன். என் கல்குவியலுக்கு அடியில் வால்ரஸ் மாமிசம் கிடக்கிறது, நவம்பரில் எடுப்பேன், அப்போது முதல் ஆளாகத் தட்டோடு வந்து நிற்கப்போவது அவள்தான். அக்கா சுத்தத்தைக் கன்னியரிடம் கற்றாள் என்கிறார்கள். கன்னியர் நகத்தை வெட்டச் சொன்னார்கள், கோணாமல் எழுதச் சொன்னார்கள். எது தின்னலாம், எது தின்னக்கூடாது என்று என் மூக்கைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது என் அம்மா.

இவ்வளவுதான் நடந்திருந்தால் நான் முத்திரை செலவழித்து எழுதியிருக்க மாட்டேன். வாளியைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் லூசியன் கட்டிய வீட்டுக்குள் ஒரே புகை. என் அம்மாவின் கல் விளக்கை அன்று ஒருநாளைக்கு என்றுதான் இரவல் கொடுத்திருந்தேன். அதில் சீல் கொழுப்பை இடித்து ஊற்றவில்லை, உருளைக்கிழங்கு பொரித்த எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள், பாசியும் பஞ்சுப்புல்லும் வைக்க வேண்டிய விளிம்பில் மருந்துப் பெட்டிப் பஞ்சு. கறுப்புக் கறுப்பாகப் புகைந்து, பெண்கள் மூக்கெல்லாம் கரி. ஒரு பெண்ணின் விளக்கு புகைந்தால் மற்றப் பெண்கள் அவள் வீட்டில் தேநீர் குடிக்கமாட்டார்கள், அந்தக் காலத்தில். தெற்கேயிருந்து வந்த ஓர் அருங்காட்சியகத்து ஆள் இருமிக்கொண்டே கைதட்டினார், ஏனென்றால் லூசியன் அப்போதுதான் அறிவித்தான், இந்த விளக்கு இனி அவருடைய அருங்காட்சியகத்துக்கு, செப்டம்பர் கடைசியில் சரக்குக் கப்பலில் போகிறது என்று. யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் மாமா என்றேன். 'உங்களை ஏன் கேக்கணும்? விளக்குக்காரியவே கேட்டேன். கானாயுக்குக்குப் போன் போட்டேன். சிரிச்சிட்டு, வெறும் கல்லுதானே எடுத்துக்கோன்னு சொல்லிட்டா' என்றான்.

கேள், கானாயுக். அவன் சொன்னது சட்டப்படி சரி, நம் சட்டப்படி. என் அம்மா இறந்த அதே குளிர்காலத்தில் நீ பிறந்தாய், உன்னைக் கையில் வாங்கி 'அம்மா, வந்துட்டியா' என்றுதான் முதல் வார்த்தை சொன்னேன். உனக்கு அவள் பெயர், ஆகவே விளக்கு உன்னுடையது, நான் வெறும் காவல்காரி. ஆனாலும் அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. எண்ணெயைத் தரையில் கவிழ்த்தேன், நல்ல பாவாடையாலேயே துடைத்தேன், எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். லூசியன் வாசலில் வந்து நின்று, 'மருமகளே, நான் சொல்றேன், வச்சிட்டுப் போங்க' என்றான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. என் மாமனார் சொல்லை நான் தட்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 'மாமா, நீங்க உயிரோட இருந்தப்போ பொம்பளைங்க விளக்குப் பக்கம் கை நீட்டினதே இல்லை. இப்பவும் நீட்டாதீங்க. கானாயுக் எழுதித் தரட்டும்' என்றேன். வழிவிட்டான்.

அந்த விளக்கின் இடது மூலை உடைந்து, துளை போட்டுத் தோல் வாரால் கட்டியிருக்கும், சிறு வயதில் நீ அதில் விரலை விட்டுப் பார்ப்பாய். ஏன் உடைந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் மடத்துக்குப் போகுமுன், கடல்பனியின் மேல் குடிசை போட்டிருந்தபோது, புயல் ஓயவில்லை, சீல் கிடைக்கவில்லை, நாய்களைத் தின்றாயிற்று. அம்மாவிடம் ஒரு கைப்பிடிக் கொழுப்பு மிச்சம் இருந்தது. என் தம்பி அதைக் கேட்டு அழுதான், கடைசியில் பிடுங்கப் பாய்ந்தான், விளக்கு கவிழ்ந்து மூலை தெறித்தது. அம்மா அடிக்கவில்லை. 'இதைத் தின்னா இன்னிக்குப் பசி போகும். நாளைக்குக் குடிக்கத் தண்ணி ஏது?' என்று கேட்டுவிட்டு, விளிம்பில் விரல் அகலத்துக்கு மட்டும் நெருப்பை வைத்து, சட்டியில் பனியை உருக்கி எங்களுக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். சுற்றிலும் பனி, நெருப்பு இல்லாவிட்டால் தாகத்தில் சாவோம். முனையில் கிடக்கிற பழையவர்களும் இதைத்தான் செய்தார்கள், படத்தில் சிரிக்கிறவர்கள் அல்ல, உண்மையானவர்கள். என் தம்பியும் பிழைத்தான், நானும் பிழைத்தேன், நீ வந்தாய். அது வெறும் கல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

விளக்கு இப்போது மாவுச் சாக்கில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீ உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் அது என் அம்மா சொன்னது, நான் அவளை எதிர்த்துப் பேசியதில்லை. கரியைத் தேய்த்துக் கழுவி, தோல் வாரைப் புதிதாகக் கட்டி, நானே கரைக்குக் கொண்டுபோய் அந்த ஆளின் பெட்டியில் வைத்துவிடுவேன், உன்னிடம் ஒரு சொல்லும் கேட்க மாட்டேன். நீ சொல்லாமல் அவனாகச் சொல்லியிருந்தால், மாமனாரை நான் திட்ட முடியாது, ஆனால் இந்தக் குளிர்காலத்துக்கு அவனுக்குக் கையுறை தைத்துக் கொடுக்கப்போவதில்லை, கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு விரல் விறைக்கட்டும்.

பிள்ளைக்குக் காரிபு மான் தோல் காலணி ஒரு ஜோடி இத்துடன் அனுப்புகிறேன், நரம்பு நூலில் தைத்தது, நனைந்தால் தையல் தானே இறுகும், ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காய வைக்காதே. இரவு வேலைக்குப் போகும்போது வெறும் காப்பியோடு போகாதே. மாப்பிள்ளையிடம் தாடியை மழிக்கச் சொல், போட்டோவில் பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன் வீட்டு வாசலில் நிற்கட்டும், உங்கள் சட்டி காலியாகாமல் இருக்கட்டும். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், அதில் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது. சரக்குக் கப்பல் கிளம்புமுன் விமானத் தபால் இன்னும் சில முறை வரும். கொடுத்தேன் என்றோ கொடுக்கவில்லை என்றோ, உன் கையாலேயே எழுதி எனக்குப் பதில் அனுப்பு.

உன் மகளும் உன்னைப் பெற்றவளுமான
யூலாலி