அந்த மத்தியானம் அவன் என்னோடுதான் இருந்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு வேறு எப்படி எழுதத் தொடங்குவது என்று தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒன்பது வருசமாக இப்படித்தான் தொடங்கினேன். இன்று அந்தச் சொல் எழுதும்போதே கசக்கிறது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாதி இராஜபாளையம் வந்திருந்தது. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையைத் திரும்ப வாங்க வழி இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

பந்தியில் பெரியப்பாதான் பேச்சுவாக்கில் சொன்னார். "மேஸ்திரியக் கொன்னானே, அந்த எலக்ட்ரீசியன் பய, கூமாப்பட்டியில மோட்டார் காயில் கட்டுதான். எம்புட்டுத் தைரியம் பாரு." நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். ஜெயராஜ் பம்பாயில் கல்யாணம் முடித்துக் குடியிருக்கிறான் என்றல்லவா நீங்கள் எனக்கு எழுதினீர்கள்?

நினைவிருக்கிறதா அப்பா? ஆடிப்பூரத் தேர் இழுக்க ஊர்ச்சனம் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த நாள். நம் நூல் மில்லில் சங்கரலிங்கம் மேஸ்திரி மண்டை உடைந்து கிடந்தார். மில் எலக்ட்ரீசியன் ஜெயராஜுக்கும் அவருக்கும் முந்தின வாரம் வாய்ச்சண்டை என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானம் பூராவும் அவன் என்னோடு செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் இருந்தான். அதை அன்று சாயங்காலமே வந்து உங்களிடம் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

நீங்கள் அடிக்கவில்லை. என் தலையைத் தடவி, "நீ ஸ்டேசன் படி ஏற வேண்டாந்தாயி. இன்ஸ்பெக்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றீர்கள். மறுநாள் காலையில் என்னைக் கோயம்புத்தூர் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏற்றினீர்கள். பத்து நாள் கழித்து, அவனை விட்டுவிட்டார்கள் என்று உங்கள் கடிதம் வந்தது. நம்பினேன். ஒரு வருசத்தில் பம்பாய்க் கதை வந்தது. அதையும் நம்பி, அவனை வெறுத்து, இந்த ஊரையே வெறுத்து, இந்தப் பக்கமே வராமல், பள்ளிக்கூட வேலையும் ஹாஸ்டல் அறையுமாக இருந்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாளே கூமாப்பட்டிக்குப் போனேன். கடையில் குனிந்து செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. ஜெயிலில் இருந்து வந்த அன்று நம் மில் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்ததில் இடது காது போய்விட்டதாம். ஒன்றரை வருசம் உள்ளே இருந்திருக்கிறான், அப்பா. சாட்சி இல்லை என்று கோர்ட் விட்டும் ஊர் விடவில்லை.

"என் பேரை ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒன்னையக் கூண்டுல ஏத்தி அசிங்கமாக் கேப்பாவ." கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றினான். "நீயா வருவேன்னு இருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாசலப் பாப்பேன்."

அப்பாவிடம் சொன்னேனே என்று நான் சொன்னபோது எழுந்துபோய் முகம் கழுவினான். பிறகு, "இப்ப போயிரு வசந்தி. என்னால இதுக்கு மேல பேச ஏலாது" என்றான். நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கடைவாசலில் உங்களை இழுத்து வந்து நிறுத்தியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவை நெருக்கினேன். முதலில் எதுவும் தெரியாது என்றாள். "எம்மா, அவனுக்கு ஒரு காது கேக்கல" என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கொன்னது ஒங்கண்ணன் பாஸ்கர்தாண்டி. மில்லுல ஒரு பொம்பளப்பிள்ள கையப் பிடிச்சு இழுத்திருக்கான். மேஸ்திரி பாத்துட்டு அறைஞ்சிருக்காரு. இரும்புக்கம்பி கையில கெடச்சிருக்கு. ரத்தச் சட்டையோட கொல்லை வழியா வந்தான். ஒங்கப்பா அந்தச் சட்டைய வெந்நீர் அடுப்புல போட்டாவ. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"ஜெயராஜ் பாவம்னு ஒனக்குத் தோணலியா?"

"சொன்னேன். 'சாட்சி இல்லாம அவன் எப்படியும் வெளிய வந்துருவான். எம்பிள்ள போனாத் தூக்குதான்'னாவ. 'நீ பேசுனா நானும் செத்துருவேன்'னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனாவ."

எம்பிள்ளை. அப்படியென்றால் நான் யார் அப்பா? அன்று நீங்கள் தலையைத் தடவியது எனக்காகவா, அண்ணனுக்காகவா? நான் வாய் திறந்தால் போலீஸ் வேறு ஆளைத் தேடும் என்ற பயத்தில்தானே?

பாஸ்கர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "செத்தவர் மானத்த வாங்காத. வாங்குன, ஒனக்கு இந்த வீடே கெடையாது" என்றான். அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். உங்கள் முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள், "அப்ப எனக்கும் வேண்டாம்லே" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்.

நேற்றுக் காலை நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டி.எஸ்.பி.யிடம் வாக்குமூலம் கொடுத்தோம். அம்மா ஒரு வரிகூட விடவில்லை. எழுதி முடித்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் ஜெயராஜ் நின்றான். நான் சொல்லி அனுப்பியிருந்தேன். வருவான் என்று நினைக்கவில்லை. அம்மா அவன் காலில் விழப் போனாள். பிடித்து நிறுத்தி, "நீங்க ஏம்மா?" என்றான். நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவன் எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்தான், கேட்கிற காது என் பக்கம் இருக்கட்டும் என்று. அவன் மனதில் நான் இன்னும் இருக்கிறேனா என்று கேட்கவில்லை. அதைக் கேட்கும் யோக்கியதையை நீங்கள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

இன்று மத்தியானம் அண்ணனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் நிறையக் கூட்டம். உங்கள் குடும்பப் பேர் தெருவில் கிடக்கிறது அப்பா. அதை எடுத்து வைக்க நான் குனியப் போவதில்லை.

உங்களை மன்னிப்பதாக வாக்குக் கொடுக்க மாட்டேன். வேறொரு வாக்குத் தருகிறேன். வழக்கு வந்ததும் நான் கூண்டில் ஏறுவேன். எத்தனை வக்கீல் எவ்வளவு அசிங்கமாகக் கேட்டாலும், அந்த மத்தியானம் நான் ஜெயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

உங்கள் கணக்கில் பிள்ளையாகச் சேராத மகள்,
வசந்தி