ஒன்றே ஒன்றாய்க் கட்டிய கிளைடரின் இடது இறக்கை

11.5.2004, செவ்வாய்
மழை. ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் இருபது நிமிடம் வீண். வீட்டில் கிளைடர் கிளப்பின் செய்திமடல். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஒரு வரைவாளரும் ஒரு தச்சரும் கொட்டகையில் கட்டிய, எஞ்சின் இல்லாத மரக் கிளைடர் விமானத்தின் வரலாறு, நான்கு பக்கம். கட்டியது அந்த ஒன்றுதான். மூன்று வருடம் தேடி நான் எழுதியது. கீழே பெயர்: சிவநேசன். கிளைடரை வாங்கியவன், ஆகவே வரலாறும் அவனுடையதாம். பல்கலைக்கழகத்திலும் என் கொப்பியைப் பார்த்து எழுதியவன்தான்.
ஞாயிறு அதில் பறக்கிறான். வாழ்த்தமாட்டேன்.

13.5, வியாழன்
தச்சரின் மகளிடமிருந்து உறை. அப்பாவின் பட்டறைக் குறிப்பேட்டின் நகல். மாசியில் கேட்டது.
பக்கம் 31: கிளைடர் ஒருமுறை விபத்தில் சிக்கிய பின் வலது இறக்கை மட்டும் புதுப் பசையால் ஒட்டப்பட்டது. இடது, பழையபடியே.
நான் எழுதியது: இரண்டு இறக்கைகளும்.
ஊகம். வேறொன்றுமில்லை. பழையது பாலில் செய்த பசை. ஈரம் பட்டால் உளுத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிளைடர் இல்லை. கிளப்பின் பரிசோதகர் அச்சுக்கு முன்பே என் தாளைப் படித்து, அதை நம்பித்தான் இடதைத் திறக்காமல், பறக்கலாமென்று கையெழுத்திட்டார்.
பிழை இப்போது சிவநேசன் பெயரில். இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம் இல்லை, சாப்பாட்டு நேரம் முழுவதும்.
மனைவியிடம் சொன்னேன். "உங்கட பேர் போடேல்லையெண்டா நீங்கள் எழுதேல்லையெண்டு ஆயிடுமே? போன் எடுங்கோ."

14.5, வெள்ளி
வேலையிடத்திலிருந்து சிவநேசனுக்குப் போன் எடுத்தேன்.
"இடது செட்டையைத் திறந்து பாராமல் ஏறாதை."
"என்ன மச்சான், பேர் போடேல்லையெண்டு கோவமோ? அடுத்த முறை பெரிசாப் போடுறன்."
"நான் எழுதினது பிழையடா."
"ஞாயிறு பாக்க வரச்சொல்லி எங்கட ஆக்கள் முப்பது பேருக்குச் சொல்லியாச்சு. எரிச்சல்ல கதையாதை." வைத்துவிட்டான்.
பக்கம் 31ஐ ஃபேக்ஸ் செய்தேன். பதில் இல்லை. பரிசோதகர் விடுமுறையில்; ஞாயிறு நேரே மைதானத்துக்கு வருவாராம்.

16.5, ஞாயிறு
வெயில், அளவான காற்று. பறக்க ஏற்ற நாள், சனியன்.
ஒன்பதுக்கே மைதானம். சிவநேசன் பாரசூட்டோடு நின்றான். பரிசோதகரிடம் நகலைக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: வரலாறு நான் எழுதியது, பிழையும் நான் விட்டது.
"வந்திட்டார், குழப்புறதுக்கு." பின்னால் யாரோ.
பரிசோதகர் இடது இறக்கையின் அடியில் ஒட்டுப்பலகையைச் சின்னச் சதுரமாக வெட்டினார். உள்ளே மூட்டில் கத்தி நுனியை வைத்தார். அழுத்தவே இல்லை. நுனி தானாக உள்ளே போனது. வெள்ளைப் பொடி அவர் சட்டைக் கையில்.
சிவநேசன் பாரசூட் பட்டியைக் கழற்றத் தடுமாறினான். நான் உதவவில்லை.
பிறகு கேட்டான்: "வலதும் நீ எழுதினதுதானே. அதை நம்பலாமோ?"
"தெரியாது. அதையும் வெட்டச் சொல்லு."