சிப்பாய் சொன்ன வசனம்

1997 செப்டெம்பர் 24, புதன்

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பும்போது, வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் ஆட்டோவை மறித்தார்கள். என் கையில் சுருட்டியிருந்த வரைபடத்தை ஒரு சிப்பாய் விரித்தான். தமிழ்ப்பெண்ணிடம் வரைபடம். புலிகளுக்கு உளவு பார்க்கிறாள் என்று பிடித்துக்கொண்டு போக அதுவே போதும்.

"இது என்ன, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

காலநிலை அலுவலக அடையாள அட்டையைக் காட்டினேன். சிவப்பு நிறம் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடான இடம் என்றேன். அப்படியான வருஷங்களில் ஒக்டோபர், நவம்பரில் நமக்கு அநேகமாக மழை கூடும், தைக்குப் பிறகு குறையலாம் என்று தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்.

அவன் முகம் மாறியது. "அம்மா அனுராதபுரத்தில வயல் செய்யிறா. எப்ப விதைக்கச் சொல்லட்டும்?"

"நிச்சயமாச் சொல்லேலாது. ஆனா பிந்தாம விதைக்கிறது நல்லது."

மற்றச் சிப்பாய் வந்து விசாரிக்க, இவனே சொன்னான்: "தூரத்துக் கடல் சூடாகினா எங்கட மழை அநேகமா முந்திப் பெய்து தீர்ந்திடும்."

அலுவலகம் விவசாயிகளுக்கு வெளியிடும் துண்டுப்பிரசுரத்துக்கு நான் மூன்று பக்கம் எழுதியதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டான். 'அநேகமா' என்பதைக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதையே பிரசுரத்தின் முதல் வரியாக எழுதினேன்.

"இனி மேப் ஒண்டும் கொண்டு திரியாதேயும்" என்று இவர் கோபிக்கிறார். பயம்தான். ஆனாலும் என்னை நினைக்க எனக்கே பெருமையாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வத்தளைப் பள்ளிக்கூடத்துக்கும் வரைபடத்தைக் கொண்டுபோவேன்.