இடுப்பெலும்பு யாருக்கு

அன்புத் தம்பி தாலாய்க்கு, அக்கா புருல் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாஸ்கோவில் குளிர் வந்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் அத்தானின் நாற்பதாம் நாள் காரியம் முடிந்தது. நம் வழக்கப்படி குதிரை அறுத்தோம். அக்கா மானத்தை வாங்கிவிட்டாள் என்று யாராவது போனில் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

அவரைக் கார் அடித்தது கணவாய் ரோட்டில், மாகாண எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில். அடித்தது தெற்கே, தூக்கிப் போட்டது வடக்கே. வடக்குப் போலீஸ், "அடிச்ச இடத்துல போய்க் கேளு" என்கிறது. தெற்குப் போலீஸ், "உடம்பு கிடந்த இடத்துக்குப் போம்மா" என்கிறது. காரை ஒருத்தனும் தேடவில்லை. எல்லா மாகாணப் போலீசையும் சேர்த்து வைக்கத் தலைநகரில் பெரிய ஆபீஸ் இருக்கிறதே, அங்கேயும் போய் அழுதேன்.

நாற்பதுக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். வடக்கு, தெற்கு, தலைநகர். வழக்கைப் பேச வந்திருக்கிறார்கள் என்று நம்பினேன். கறி வந்தது. பதவியில் பெரியவர் என்று குதிரைத் தலை தலைநகர்க்காரருக்குப் போனது. அடுத்த பெரியவருக்குத்தானே இடுப்பெலும்பு? வடக்கும் தெற்கும் ஒரே பதவி. பெரியப்பா எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். தலைநகர்க்காரர், "இதுக்கு என்னய்யா யோசனை? வடக்கு வயசுல மூத்தவர், இடுப்பு அவருக்கு. தெற்குக்குத் தொடை" என்றார். ஒரே பேச்சில் தீர்ந்தது. "அப்ப எனக்குக் கொழுப்பைச் சேர்த்து வைங்க" என்று தெற்கு சிரித்தார்.

"இதே மாதிரி என் புருஷன் யாருக்குன்னும் சொல்லிடுங்கய்யா" என்றேன். தலைநகர்க்காரர் விரலைத் துடைத்துக்கொண்டே, "நாங்க சேர்த்து வைப்போம்மா, உத்தரவு போட மாட்டோம்" என்றார். சொல்லிவிட்டுக் குழம்பை உறிஞ்சினார்.

கிளம்பும்போது அவரவர் பங்கைப் பையில் கட்டிக்கொண்டார்கள். வழக்கம்தான். வாசலில் மறித்து மூன்று பையையும் பிடுங்கிவிட்டேன். விருந்தாளி கையிலிருந்து! மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். போய் மன்னிப்புக் கேள் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கறியை நாய்க்குப் போட்டேன். இடுப்பெலும்பை மட்டும் உப்பில் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்துக்காரனாக இருந்தாலும் சரி, அந்தக் காரைத் தேடுகிறவனுக்கு அது.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி நீயும் எழுதிவிடாதே, கண்ணு. அங்கே ரோட்டைப் பார்த்துக் கடந்து போ. நீ நடக்கிற ரோடெல்லாம் ஒரே ஊருக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

உன் அக்கா,
புருல்