கசப்பில் கலந்தது

9.3.1984
என் வீட்டுக்காரருக்கு டைபாய்டுதான். இரத்தம் பார்த்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க மாட்டேன் என்று பிடிவாதம். மாத்திரைக் கூடுகளை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். பாதியில் நிறுத்தினால் குடல் ஓட்டையாகிவிடும் என்று தாதி என்னிடம் தனியாகச் சொன்னாள்.

11.3.1984
மாத்திரை குமட்டுகிறதாம். கால்வாயில் கொட்டப் போனவரிடமிருந்து பிடுங்கி, அரிசி டின்னில் ஒளித்தேன். அவருடைய அண்ணன் இருசப்பன் வந்து, கொய்யாக் கொழுந்தும் மாதுளந்தோலும் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். "ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் சூடுலா. இத குடிச்சா கிருமி தானா செத்துடும்."

12.3.1984
கூட்டைப் பிரித்து, தூளைக் கஷாயத்தில் கொட்டினேன். கசப்போடு கசப்பு. அவருக்குத் தெரியவில்லை.

22.3.1984
காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டுக் குடித்தார். கொய்யா இலைதான் காப்பாற்றியது என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது. உண்மை தெரிந்தால் கஷாயத்தைத் தொட மாட்டார். முடியட்டும், பிறகு சொல்லலாம்.

7.4.1984
பக்கத்து வீட்டு அமராவதிக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. நாலைந்து நாளாக இவர்தான் கஷாயம் காய்ச்சிக் கொண்டுபோகிறாராம். எனக்கு இன்றுதான் தெரியும். ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று கெஞ்சினேன். சிரித்தாள்.
"எதுக்குக்கா? அண்ணனே இத குடிச்சு எழுந்து லோரி ஓட்டுறாரே."
வாய் வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை?

8.4.1984
சொல்லிவிட்டேன், அவரிடம். நம்பவில்லை. காலிக் கூடுகளைக் காட்டினேன். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.
"அப்ப நான் தினமும் என்னத்த குடிச்சேன்னு எனக்கே தெரியாதா, கங்கா?"
அமராவதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். பேதி நின்றுவிட்டது, தூங்குகிறாள், காலையில் பார்க்கலாம் என்றான் அவள் கணவன் அப்பளசாமி. உள்ளே முனகல் கேட்டது.

9.4.1984
விடியும்போது அவள் வயிறு கல்லாகியிருந்தது. இரத்தமாகப் போனது. லோரியில் ஏற்றினோம். இவர்தான் ஓட்டினார். தலை என் மடியில். வழியெல்லாம் தண்ணீர் கேட்டாள் – கொடுக்கலாமா கூடாதா, தெரியலையே எனக்கு.

10.4.1984
குடல் ஓட்டை. அறுவைசிகிச்சை செய்தார்களாம்.

13.4.1984
சித்திரைப் புத்தாண்டு. லயத்து வீடுகளில் எந்த வாசலிலும் கோலம் இல்லை.

26.4.1984
அமராவதியின் காரியம் முடிந்தது. அப்பளசாமி எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான்.
வீட்டுக்கு வந்து இவருக்குத் தேநீர் கலந்து வைத்தேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய், தானே அடுப்பில் வெந்நீர் வைத்தார்.