நம் வீட்டு உலையில் வெந்த அரிசி

என் அன்பு நைனாவுக்கு,

இந்த வாரம் ரேஷன் அரிசியை இன்னும் குறைத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்தால் சரியாகும் என்றார்கள். முடிந்தும் பூந்தமல்லிக் கடைத்தெருவில் வரிசை நீண்டுகொண்டேதான் போகிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் மாங்காட்டுக்குச் செருப்புத் தேய நடந்து, ஒரு கூட்டம் போட்டிருப்பீர்கள்.

பஞ்சாயத்து போர்டுக்கு மூன்று முறை ஜெயித்தீர்கள். ஒரு முறைகூட ஆளும் பக்கத்தில் உட்காரவில்லை. "அந்தப் பக்கம் குந்திக்கினா அரிசி வெலை காதுல உழாதும்மா" என்பீர்கள்.

கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேரோடு வீட்டுக்கு வருவீர்கள். தெருவிலிருந்தே குரல் கேட்கும்: "பாப்பா, பசியோட வந்துகினு கீறாங்க. ஒரு கை சேத்துப் போடு!" அம்மா போனபின் உலை என் பொறுப்பு. நம் இருவர் கார்டுக்குக் கிடைக்கும் அரிசி அத்தனை பேருக்கு எப்படிக் காணும்? பி.ஏ. படித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் எனக்கு, "அரிசி இல்லை நைனா" என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தவர்கள் எதிரில் உங்கள் முகம் வாடிவிடுமே என்று பயந்தேன்.

கள்ளமார்க்கெட்டில் வாங்கினேன், நைனா. கீரைக்கூடைக்கு அடியில், கொல்லைப்புறமாக வந்தது. கொண்டுவந்த அம்மாளின் பெயரை எழுதமாட்டேன். "இன்னா பாப்பா, உங்க நைனா மேடையில என்னைத் திட்டறாரு, நீ பின்னால கதவத் தொறக்கறே!" என்று சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ரேஷன் அளவைக் கூட்டச் சொல்லி நீங்கள் தீர்மானம் கொண்டுவந்த அன்று, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனீர்கள். அதை எடுத்துக்கொண்டு போர்டுக் கட்டிடத்துக்கு வந்தேன். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றேன்.

"கள்ளமார்க்கெட்ட இம்மாந் திட்டறியே அண்ணாத்தே, உன் ஊட்டு அடுப்புல இன்னா வேகுது?" என்று ஒருவர் கேட்டார்.

நீங்கள் துள்ளி எழுந்தீர்கள். "வந்து பாரு! ரேஷன் அரிசி தவிர ஒரு மணி என் ஊட்டுக்குள்ள வராது!"

போர்டுத் தலைவர் நிதானமாக வெற்றிலையை மடித்தார். "அப்டியா? வர்றவன் போறவனுக்கெல்லாம் அதுலதான சோறு போடறே? உனக்குப் போதுது, ஊருக்கு மட்டும் இன்னா போதல?"

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் தோற்றது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன்.

திரும்பும்போது ஏரிக்கரை வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தீர்கள். பிறகு, "நெசமாவே எப்டிம்மா போதுது?" என்று கேட்டீர்கள்.

"கஞ்சியா காய்ச்சி நீட்டிக்குவேன் நைனா" என்றேன்.

அன்றிலிருந்து நீங்கள் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. தட்டை நகர்த்தி, "நீ துன்னும்மா" என்பீர்கள். என் பங்கைச் சாப்பிட்டுவிட்டோம் என்று நினைத்தீர்களா? இல்லை, உண்மை தெரிந்து, அந்தச் சோறு வேண்டாமென்றுதான் கைகழுவினீர்களா? நான் கேட்பதற்குள் காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் இடத்துக்கு வந்தவர் அடுத்த வாரம் அதே தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். தலைவர் அன்று வெற்றிலை மடித்த அதே ஆள்தான். இப்போதே எல்லோரிடமும் சொல்லிவருகிறாராம்: "அந்த மனுஷன் ஊட்ல போதுச்சே!" வரிசையில் நிற்பவர்களுக்காக வாழ்ந்த உங்கள் பெயரை, அவர்கள் வாயை அடைக்க எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரை அவர்கள் கையில் கொடுத்தவள் நான்.

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வேலை போகலாம், கேஸும் வரலாம். அன்று வாசலில் நின்றுவிட்டேன். அடுத்த வாரம் உள்ளே வருவேன், நைனா. எனக்குக் குரல் நடுங்கும், உங்களுக்குத்தான் தெரியுமே. நடுங்கினாலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்: எங்கள் வீட்டில் போதவில்லை. ஒரு நாளும் போதவில்லை.

உங்களுக்குப் பொய் சொல்லிச் சோறு போட்ட மகள்,
பாப்பா